பனி வீடு காய ஒரு வாரம்

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பல்செட்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பல் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் வெள்ளைப் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, ஊரில் எத்தனையோ பொக்கை வாய்களைத் திரும்பச் சிரிக்க வைத்தவர் அவர். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கிளினிக்கின் பின்பக்கம், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில், மாவுத் தூசி படிந்த புருவத்தோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடிக்கொண்டு யாரும் அங்கே வந்ததும் இல்லை.

அவர் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்ட காலம் ஒன்று உண்டு. மனைவி வாயாடி. "வாயைப் பாத்தே பொழப்பு நடத்தறீங்க, என் வாயை மட்டும் மூடச் சொல்றீங்க" என்பாள். காய்ச்சல் என்று படுத்தாள். மருந்து மாற்றினார்கள், டாக்டரை மாற்றினார்கள், கடைசியில் ஆஸ்பத்திரியை மாற்றினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

காரியங்கள் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று, மனைவியின் தங்கை குழந்தையின் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "கொஞ்ச நாளைக்கு எங்ககிட்ட இருக்கட்டும் மாமா. நீங்க ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இவளை யாரு பாத்துக்குவா? நீங்க கொஞ்சம் தேறி வாங்க."

அவர் தலையை ஆட்டினார். அந்தச் சமயத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார். சித்தி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லாத குறையை அந்தக் குழந்தை தீர்த்தது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டபோது, அது அவருக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் 'கொஞ்ச நாள்' என்பதற்கு யாரும் எல்லை வகுக்கவில்லை. அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் அவருடையவள். காலையில் சித்தப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இருட்டுவதற்கு முன்னால் இவர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ச் சித்தி வீட்டில் விடுவார். பால் பல் விழுந்து முன்பல் இரண்டும் முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாக முளைத்தபோது அவளுக்கு 'முயல்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவரு பொண்ணு, வாயில முயலை வச்சுக்கிட்டுத் திரியறா பாரு" என்று சித்தி கேலி செய்வாள். முயலும் பல்லைக் காட்டிக் காட்டிச் சிரிக்கும்.

இரண்டு விஷயங்கள் அவரை அரித்தன. ஒன்று, முன்பெல்லாம் 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், சித்தி வீட்டுக்குப் போன பிறகு 'நீங்க' என்று பேச ஆரம்பித்திருந்தாள். அங்கே பெரியவர்களிடம் அப்படித்தான் பேசுவார்கள். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு 'நீங்க'வும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகள் நடுநடுவே விட்டுப்போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரம் சளி. ஒரு வாரம் தோழியின் பிறந்தநாள். ஒரு வாரம் சித்தப்பாவின் ஆபீஸ் ஆட்களோடு எங்கேயோ சுற்றுலா. போனில் சித்தி, "இந்த வாரம் மட்டும் மாமா" என்பாள். அவர், "அதுக்கென்ன, பரவாயில்ல" என்பார். போனை வைத்த பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நிற்பார்.

அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். டாக்டரிடம் பேசினார். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கிளம்பிவிடுவேன், மிச்ச மெழுகு வேலையை வீட்டில் உட்கார்ந்து முடித்துத் தருகிறேன் என்றார். டாக்டர், "எனக்கு வேலை முடிஞ்சா சரி" என்று விட்டுவிட்டார். சாமான் அடைத்துக்கிடந்த பக்கத்து அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலோரம் ஒரு மேஜையும் கட்டிலும் போட்டார். எல்லாம் தயார். அவளிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. 'அப்பாகூட வந்து இருக்கியாம்மா?' என்ற ஒரே ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் வாய் வரை வரும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு வாசலில் காத்திருப்பது? எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பிஸ்கட் சாப்பிடறியா?" என்று கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீடு கட்டும் வேலை வந்தது.

அன்று முயல் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினாள். பை வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தது. சித்தப்பா ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் படியேறி வந்துவிட்டாள்.

"அப்பா, எனக்கு இக்லூ வந்திருக்கு!"

"ஐயையோ. டாக்டர்கிட்ட காமிச்சாங்களா?"

"அப்பா! அது நோய் இல்ல. பனிக்கட்டில கட்டற வீடு. உருண்டையா இருக்கும். உள்ள தவழ்ந்துதான் போகணும்."

"தவழ்ந்தா? உங்க சித்தப்பா போனா தொப்பையோட வாசல்லயே சிக்கிக்குவாரே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு விவரம் சொன்னாள். 'உலகத்து வீடுகள்' என்று மிஸ் எல்லோருக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். ஒருத்தனுக்குக் கூடாரம், ஒருத்திக்கு மர வீடு, ஒருத்திக்குப் படகு வீடு. இவளுக்குப் பனி வீடு. நாளைக்கு எல்லோரும் கொண்டுவந்து வகுப்பில் வைக்க வேண்டும்.

"எல்லாரும் தெர்மாகோல்ல வெட்டி, பஞ்சு ஒட்டறாங்கப்பா. நான் சொல்லிட்டேன், எங்கப்பா பல்செட் மாவுல நிஜமா கல்லு கல்லா கட்டித் தருவாங்கன்னு."

"யார்கிட்ட சொன்னே?"

"எல்லார்கிட்டயும்."

யாருக்கும் தெரியாத அவருடைய வேலையை அவள் ஒரு வகுப்பு முழுக்கப் பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் மாவு மூட்டையையும் ரப்பர் கிண்ணத்தையும் எடுத்து வந்தார். வேலையிடத்தில் இருப்பவை போலவே வீட்டிலும் ஒரு செட் வைத்திருந்தார். சமையலறை மேஜையைத் துடைத்துப் பழைய காகிதம் விரித்தார்கள்.

ரப்பர் கிண்ணத்தில் முதலில் தண்ணீர், பிறகு மாவு. மாற்றிப் போட்டால் கட்டி தட்டும். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, தட்டைக் கரண்டியால் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் குழைத்தார். குமிழி மேலே வருவதற்காகக் கிண்ணத்தை மேஜை விளிம்பில் தட்டச் சொன்னார். முயல் அதை ஒரு வாத்தியம் போல வாசித்தாள். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிப் பலகையில் ஊற்றிப் பரப்பி, சோப்புக் கட்டியைப் போல இறுகியதும் மெழுகுக் கத்தியால் கோடு கிழித்தார். சின்னச் சின்னக் கற்கள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் லேசாகச் சாய்த்துச் சீவினார். சாய்த்துச் சீவினால்தான் சுவர் உள்பக்கமாக வளைந்து போகும். இதற்கெல்லாம் அவருக்குக் கணக்குத் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க வளைவில் பல் அடுக்கிய கை.

கற்களைத் தொட்டுப் பார்த்த முயல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, பனிக்கட்டி சுடுது!"

"மாவு இறுகறப்போ சுடும்டா. சூடு ஆறிச்சுன்னா கல்லு ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"அப்போ உள்ள இருக்கறவங்களுக்குக் குளிராது. நல்லாத்தான் யோசிச்சிருக்கே நீ."

அந்த 'நீ' அவள் அறியாமல் வந்து விழுந்தது. அவர் காதில் விழாதது போல இருந்தார். தும்மினால்கூட அது பறந்துபோய்விடும் என்று பயந்தவர்போல அசையாமல் நின்றார்.

கவிழ்த்த கிண்ணம் ஒன்றின் மேல் வாசலீன் தடவி, கீழிருந்து வரிசை வரிசையாகக் கல் அடுக்கினார்கள். அவர் வைப்பார், அவள் ஈர மாவை விரலில் எடுத்து இடுக்கில் பூசுவாள். நடுவில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். வாசல் குகையை அவள் தனியாகவே கட்டினாள். ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. அவர் சரிசெய்யப் போனபோது, "விடு, காத்து அடிச்சுச் சாஞ்சிருக்குன்னு சொல்லிக்கறேன்" என்றாள். ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு நாய் பிடித்தாள். பனியில் சிவப்பு நாய் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, "வெட்கப்படுது" என்றாள்.

பிற்பகலில் சுவர் முக்கால்வாசி ஏறியதும், உள்ளே இருந்த கிண்ணத்தை அடியிலிருந்து உருவி எடுத்தார்கள். உச்சியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இன்னும் கொஞ்சம் கற்கள், கடைசியில் மேலே ஒரு மூடிக்கல். தேநீர் குடிக்கிற நேரம் ஆகாது. முயல் மேஜையில் தாடையை ஊன்றிக்கொண்டு, ஓட்டை வழியாக உள்ளே பார்த்தபடி கேட்டாள்:

"அப்பா, இன்னிக்கே முடிஞ்சிடும்ல?"

"ஏன்?"

"முடிஞ்சா நான் இங்கயே படுத்துக்கறேன். நாளைக்குக் காலைல நீயே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடு. நீ தூக்கிட்டு வா, நான் நாயைத் தூக்கிட்டு வரேன். இப்போ கூட்டத்துல பஸ்ல எடுத்துட்டுப் போனா இடிச்சு உடைச்சிடுவாங்க."

இதை அவர் கேட்டார். காதால் கேட்டார். ஆனால் அவர் மனசு அப்போது வேறு ஒரு இடத்தில் இருந்தது. அடுத்த ஞாயிறும் ஏதோ ஒரு பிறந்தநாள் இருப்பதாக அவள் காலையில் சொல்லியிருந்தாள். வீடு இன்று முடிந்துவிட்டால் அடுத்த வாரம் அவள் வர மாட்டாள். முடியாவிட்டால் வருவாள். கல் மிச்சம் இருந்தால் பிறந்தநாளாவது ஒன்றாவது, கட்டாயம் வருவாள். அடுத்த ஞாயிறு, வேலை முடிகிற சந்தோஷத்தில் இருக்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம். இப்படி ஒரு கணக்கு மின்னல் மாதிரி ஓடியது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவர் சொன்னார்:

"இன்னிக்கு முடியாதும்மா. உள்ள ஈரம் இருக்கு பாரு. இப்போ மேல கல்லை வச்சா மொத்தமும் உக்காந்துடும். ஒரு வாரம் காயணும்."

"ஒரு வாரமா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வா. மூடிக்கல்லை நீயே வைக்கலாம்."

"பல்லு மாவு உடனே காஞ்சிடுமே? நான் பாத்திருக்கேனே."

"அது வேற மாவு, இது வேற."

அதே மூட்டை, அதே மாவு. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. உள்ளீரம் அடியோடு வற்ற நாள் ஆகத்தான் செய்யும். ஆனால் கல்லின் மேல் கல் வைக்க அந்த மாவுக்குக் கால் மணி நேரம் போதும் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

"மிஸ் நாளைக்குக் கேப்பாங்களே..."

"மிஸ் என்ன கடிச்சா தின்னுடுவாங்க? அப்பா பண்றாங்க, காய ஒரு வாரம் ஆகும்னு சொல்லு."

"சரிப்பா" என்றாள். கை கழுவினாள். பையை மாட்டிக்கொண்டு, மெழுகு நாயைக் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். களைத்துப்போய்விட்டாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். அவர் மனசு நிறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டுவிட்ட திருப்தி.

மறுநாள் பிற்பகல் வேலையிடத்தில் விசில் அடித்துக்கொண்டே மெழுகு காய்ச்சினார். அந்த அறையில் அவரைத் தவிர இன்னொருவர் உண்டு. தயாரான செட்டுகளைச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றும் பாலிஷ்காரர். சக்கரத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசிப் பழகி, சக்கரம் நின்ற பிறகும் அதே சத்தத்தில் பேசுகிற மனிதர்.

"என்னண்ணே, விசில் எல்லாம் பலமா இருக்கு? லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?"

அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னார். பனி வீடு, கல், சிவப்பு நாய் எல்லாம் சொன்னார். ஒரு வாரம் காயணும் என்று ஒரு போடு போட்டதையும் சொன்னார்.

பாலிஷ்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நம்ம மாவு ஒரு வாரமா? டாக்டர் காதுல விழுந்துடப் போகுது. பேஷண்ட்டெல்லாம் அச்சை வாயில வச்சுக்கிட்டு அடுத்த வாரம் வரைக்கும் ஆன்னு உக்காந்திருக்கணும்."

"பின்ன என்னய்யா பண்றது? முடிச்சுக் குடுத்திருந்தா அடுத்த வாரம் வரமாட்டா. இப்போ வந்துதானே ஆகணும்?"

"கில்லாடிண்ணே நீங்க. பாப்பா நம்பிடுச்சா?"

"நம்பிடுச்சு. நேத்து, இன்னிக்கே முடிச்சிடு, நான் இங்கயே படுத்துக்கறேன், காலைல நீயே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன்னு அடம். நான்தான் ஏதோ சொல்லிச் சமாளிச்சு அனுப்பி வச்சேன்."

பாலிஷ்காரர் சிரிப்பதை நிறுத்தினார். கையிலிருந்த செட்டைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார். அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் அவர் கேட்டார்.

"தங்கறேன்னு அதுவாவே சொல்லுச்சாண்ணே?"

அவர் தன் வாயால் தானே இப்போது சொன்ன வார்த்தைகளை, வேறு யாரோ சொல்லக் கேட்டது போல, முதல் தடவையாகக் கேட்டார். நான் இங்கயே படுத்துக்கறேன். நீயே கூட்டிட்டுப் போ. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டு கிடந்த கேள்வி அது! அதைத்தான் அந்தக் குழந்தை தன் பக்கத்திலிருந்து, தனக்குத் தெரிந்த விதத்தில், வந்து கேட்டிருந்தது. அவர் காயட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுப்பில் மெழுகு கருகி நாற்றம் வந்தது. பாலிஷ்காரர்தான் எழுந்து அணைத்தார்.

டாக்டரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மாவைக் குழைத்தார். மிச்சக் கற்களை வைத்தார், மூடிக்கல்லையும் வைத்தார். தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பலகையோடு தூக்கி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, பஸ் கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி முதுகை வளைத்து நின்றுகொண்டு போனார். "அது என்ன சார், கேக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சித்தி வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் தரை முழுக்கப் பஞ்சு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சித்தியும் முயலும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தியின் மூக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து முயல் உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றதை இருவருமே உடனே கவனிக்கவில்லை.

"அட, மாமா! என்ன இந்த நேரத்துல? உள்ள வாங்க, பஞ்சை மிதிச்சிடாதீங்க."

முயல் எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தாள். மூடிக்கல்லை ஒரு விரலால் தொட்டாள்.

"காஞ்சிடுச்சாப்பா?"

"காஞ்சிடுச்சும்மா."

"ஒரு வாரம் ஆகும்னு சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்கவும் தெரியாத வயது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அவர் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவளே இரக்கப்பட்டவளைப் போல, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் பஞ்சுப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

சித்தி அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு ஒளித்துப் பேச வராது.

"இன்னிக்கு வகுப்புல எல்லாரும் கொண்டுவந்து வச்சிருக்காங்க மாமா. இவ மட்டும் வெறும் கையோட நின்னிருக்கா. அப்பா பண்றாங்க, காய ஒரு வாரம் ஆகும்னு சொல்லியிருக்கா. பக்கத்துல ஒருத்தன், உங்கப்பா பனியில கட்டறாரா சேத்துல கட்டறாரான்னு கேட்டானாம். எல்லாம் சிரிச்சிருக்குதுங்க. மிஸ் நாளைக்குக் கட்டாயம் கொண்டுவரணும்னுட்டாங்க. அதான் நாங்களே ஏதோ பண்றோம்."

அவர் டம்ளரைக் குடிக்காமலே மேடையில் வைத்தார்.

"அது போகட்டும். நேத்து ஏன் மாமா திருப்பிக் கொண்டுவந்து விட்டீங்க? யூனிஃபார்ம், ஷூ, டூத்பிரஷ் எல்லாம் பையில எடுத்து வச்சுக்கிட்டுத்தான் வந்தா. சனிக்கிழமையே என்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டா. நானும் போயிட்டு வாடி, உங்கப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் அனுப்பினேன். திரும்பி வந்து ஒண்ணுமே பேசல. பையைப் பிரிச்சு எல்லாத்தையும் அதது இடத்துல வச்சுட்டுப் படுத்துட்டா."

எப்படிச் சொல்வார்? அடுத்த வாரம் வருவாள் என்பதற்காக இந்த வாரம் அனுப்பிவிட்டேன் என்றா? சொன்னால் சித்தி சிரிப்பாள். சிரித்துவிட்டு அழுவாள்.

கூடத்துக்கு வந்தார். சம்மணம் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இனி மனசுக்குள் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று, இத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததைக் கேட்டே விட்டார்.

"முயலு, அப்பாகூட வந்துடறியா?"

"இப்பவா?"

"இப்பவும்தான். எப்பவும்தான். அங்க உனக்குன்னு ரூம் தயார் பண்ணியிருக்கேன். நானே ஸ்கூல்ல விட்டு நானே கூட்டிட்டு வருவேன்."

பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவள் அவரைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் இக்கட்டில் தாயைத்தான் அப்படித் திரும்பிப் பார்க்கும். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் நல்லவள். "உன் இஷ்டம்டா கண்ணு" என்றாள். சொல்லும்போது குரல் பிசிறியது.

அந்தப் பிசிறு குழந்தைக்குக் கேட்டுவிட்டது.

"இந்த வருஷம் முடியட்டும்ப்பா" என்றாள் முயல்.

மறுநாள் அவள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனது பஞ்சு வீட்டைத்தான். மாவு வீடு கனம், தூக்க முடியாது என்று காரணம் சொன்னாள். உண்மையும் அதுதான். அந்த மாவு வீடு கொஞ்ச காலம் சித்தி வீட்டு அலமாரியில் இருந்தது. வீடு மாற்றும்போது உடைந்துவிட்டது என்று சித்தி போனில் வருத்தப்பட்டாள். "அதுக்கென்ன, பரவாயில்ல" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு அவள் அந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். வராமல் இருந்துவிடவில்லை, அப்படி ஒரு பெண் அல்ல அவள். வருவாள், பேசுவாள், அவர் சொல்கிற பல் ஜோக்குகளுக்குச் சிரிப்பாள். பையில் வீட்டுப்பாட நோட்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிந்ததும் அவர் கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா" என்பாள். முதலில் கேட்கும்போதெல்லாம் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போகப் போக அந்தக் கேள்வி தேய்ந்து, 'சாப்பிட்டியா' என்பது போல ஆகிவிட்டது. அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்கப் பழகினார். அவளும் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லப் பழகினாள். முன்பல் இரண்டும் முகத்துக்குப் பொருந்திப்போய், முயல் என்று கூப்பிடுவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

பாலிஷ்காரர் அந்த விஷயத்தைப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. ஊரையே வாயில் போட்டு மெல்லுகிற மனிதர், அதை மட்டும் தொடவில்லை. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்து, இந்த மாவு காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பல்செட்காரர் சொல்வதற்கு முன்னால் பாலிஷ்காரர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். அது ஒரு பெரிய உபகாரம். அதற்கு நன்றி சொல்ல இவருக்குத் தெரியவில்லை.

மகள் பள்ளிப் படிப்பை முடித்து வேறு ஊரில் கல்லூரியில் சேர்ந்தாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் போன் செய்தாள்.

"அப்பா, ரயில் விடியக்காலைல. ஸ்டேஷன் உங்க வீட்டுக்குத்தான் பக்கம். அன்னிக்கு ராத்திரி அங்க வந்து படுத்துக்கட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"தாராளமா வாம்மா" என்றார் அவர். போனை வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கட்டில் விரிப்பை உதறிப் போட்டார். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் உதிர்ந்தது, விட்டுவிட்டார்.

வந்தாள், சாப்பிட்டாள், சித்தி கட்டிக்கொடுத்த சாமான்களை ஒருமுறை சரிபார்த்தாள், படுத்துக்கொண்டாள். காலையில் எழுப்பலாம் என்று அவர் போனபோது அவள் குளித்துத் தலைவாரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் கட்டிலின் மேல் போர்வை, நான்கு மூலையும் சரியாக வைத்து மடித்து, தலையணையின் மேல் வைக்கப்பட்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்து ஒரு நாள் தங்கிப் போகிறவர்கள் அப்படித்தான் மடித்து வைப்பார்கள்.